தயாராகாத மாணிக்கத்தைக் கல்லூரியில் சேர்த்த கதை

கணக்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார்: "நம்ம பிள்ளைங்கள்ல யாரு காலேஜ் கணக்குக்குத் தயார், யாரு இல்லன்னு நீங்க எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?" மதிப்பெண்ணைப் பாருங்கள், அடிப்படை எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அது பயிற்சிக் கல்லூரிப் புத்தகத்தில் இருக்கிற பதில். வேலையில் நான் கற்றுக்கொண்டது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால், நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கோலார் தங்கவயலில் ஒரு தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது அங்கேயே ஆண்டர்சன்பேட்டையில். அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. பெங்களூரில் கணிதம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்திருந்தேன். எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள். தெருவில் இறங்கினால் தமிழ்தான் கேட்கும். ஆனால் மைசூர் மாநிலக் கணக்கில் நாங்கள் சிறுபான்மை. எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படிக்கலாம். அதற்கு மேல் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. என்றால் எல்லாமே ஆங்கிலம். அந்த ஒரு படியை எப்படி ஏறுவது என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏறிவிடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தசரா சமயத்தில் ஒரு நாள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பிளாட்பாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் துணி மூட்டையோடு வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, கோதமி. முந்தின வருடம் எங்கள் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவள். அவள் அப்பா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் வேலை செய்தார். அவர்கள் பௌத்தக் குடும்பம். புத்தரை வளர்த்த சிற்றன்னையின் பெயர் என்று பெருமையாக வைத்தது.

"காலேஜ் லீவா கோதமி? மூட்டையில இன்னா?"

"தைக்கற துணி டீச்சர். காலேஜ வுட்டுட்டேன்."

"வுட்டுட்டியா? ஏன்?"

"கணக்கு எனக்கு வர்ல டீச்சர்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் மட்டும் இல்ல. நம்ம இஸ்கூல்ல இருந்து சைன்ஸ் எடுத்துப் போனவங்கள்ல ஒருத்தன்தான் மிச்சம். மத்தவங்க ஆர்ட்ஸுக்கு மாறிட்டாங்க, இல்ல வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கேயே, நின்ற இடத்திலேயே, கொஞ்சம் சிக்கலான ஒரு கணக்கை வாயால் சொன்னேன். ரயில் வருவதற்குள் மனசுக்குள்ளேயே போட்டு விடையைச் சொன்னாள்.

"பாத்தியா, வருதே!"

"இது நம்ம கணக்கு டீச்சர். அங்க நடத்தறது அவங்க கணக்கு" என்றாள் கோதமி. ரயில் வந்தது. நான் ஏறினேன். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீடுகளின் பக்கம் நடந்தாள்.

மறுநாள் எங்கள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்க் கொதித்தேன். நம் பிள்ளைகளை ஆங்கிலத்தைச் சொல்லியே ஒதுக்குகிறார்கள், மொழிச் சிறுபான்மைக்கு ஒரு நியாயம் வேண்டாமா, கல்வி இலாகாவுக்குப் பெட்டிஷன் எழுதப்போகிறேன் என்றேன். அவர் அதிகம் பேசாத மனிதர். மேஜையில் இருந்த டீ ஆறும் வரை கேட்டார்.

"நீங்க அந்த வகுப்புல போய் உக்காந்து பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ இன்னான்னு எழுதுவீங்க? ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் உக்காருங்க. அப்புறமும் எழுதணும்னு தோணுச்சின்னா, மொத கையெழுத்து நான் போடறேன்."

நான் போனேன். கல்லூரிக் கணித விரிவுரையாளர் மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுபவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றதும் புருவத்தைத் தூக்கினார். மறுக்கவில்லை.

வகுப்பு தொடங்கியது. அவர் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினார். வலது கை எழுதிக்கொண்டே போக, இடது கை பின்னாலேயே அழித்துக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே முதலில் மூச்சு வாங்கியது. எங்கள் பள்ளியிலிருந்து வந்தவர்களில் மிச்சம் இருந்த அந்த ஒருவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கேள்வி கேட்கப்பட்டபோதெல்லாம் குனிந்துகொண்டான். இதுவரைக்கும் நான் நினைத்துக்கொண்டு வந்தபடியேதான் இருந்தது. பெட்டிஷனின் முதல் வரி மனசில் ஓடத் தொடங்கிவிட்டது.

பிறகு அவர் திரிகோணமிதிக்குப் போனார். சைன், கொசைன் எல்லாம் உங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும் என்று சொல்லிவிட்டு அதற்கு அடுத்த படியிலிருந்து ஆரம்பித்தார். முன் பெஞ்சுகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் ஆங்கிலப் பள்ளிகளில் விருப்பக் கணிதம் என்று ஒரு பாடத்தைத் தனியாகப் படித்துவிட்டு வந்தவர்கள். எங்கள் பள்ளியில் பொதுக் கணிதம் மட்டும்தான். விருப்பக் கணிதத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லை என்பதால் அந்தப் பாடமே இல்லை. அப்படியானால் அவர் அன்று சுத்தமான தமிழில் நடத்தியிருந்தாலும் கோதமிக்குப் புரிந்திருக்காது.

இது எனக்குக் கசப்பாக இருந்தது. பழி முழுவதும் ஆங்கிலத்தின்மேல் இருந்திருந்தால் எவ்வளவு வசதி! கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்களும் ஒருநாள் உங்கள் பிள்ளைகளுக்காகச் சண்டைக்குக் கிளம்புவீர்கள். கிளம்புங்கள். ஆனால் அவர்களுக்கு உண்மையிலேயே எது இல்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாததை இருக்கிறதென்று சொல்லிச் சண்டை போட்டால் தோற்பது நாமல்ல, அவர்கள்தான்.

வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் என்னிடம் வந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"சொல்லுங்கள் மேடம், நான் என்ன தவறு செய்கிறேன்?"

"வேகமாகப் போகிறீர்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வதற்கு முன் அழித்துவிடுகிறீர்கள்."

"பாடத்தை முடிக்க வேண்டுமே. உங்கள் மாணவர்கள் நல்லவர்கள், ஒழுங்காக வருகிறார்கள். ஆனால் தயாராக இல்லை. தயாராக இல்லாதவர்களைக் கணித வகுப்பில் உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்கிற கொடுமை. இனிமேல் தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்களை நேராக ஆர்ட்ஸில் சேர்த்துவிடலாம் என்று முதல்வரிடம் சொல்லப்போகிறேன்."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கெட்ட மனசோடு மூடுகிற கதவைத் தட்டித் திறக்கலாம். நல்லது செய்வதாக நினைத்து மூடுகிற கதவு ஒரு தலைமுறைக்குத் திறக்காது.

"ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "அடுத்த ஜூனில் நான் தயார் செய்து அனுப்புகிறேன்."

"தயாரா இல்லையா என்று யார் முடிவு செய்வது?"

"நான்."

கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். "சரி. நீங்கள் தயார் என்று சொல்பவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன். அவர்களும் விழுந்தால், பிறகு உங்கள் பள்ளியிலிருந்து யாரும் இந்த வகுப்புக்கு வரக் கூடாது."

சரி என்றேன். தலைமை ஆசிரியரிடம் வந்து சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரிய வார்த்தை குடுத்துட்டு வந்திருக்கீங்க. இனிமே திரும்ப வாங்க முடியாது" என்றவர், கோடை விடுமுறைக்கு ஒரு வகுப்பறையின் சாவியை எனக்கென்று ஒதுக்கினார்.

முதல் வேலையாகக் கோதமியின் வீட்டுக்குப் போனேன். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மறுபடியும் போய் அதே பெஞ்சுல உக்காந்து தல குனியச் சொல்றீங்களா டீச்சர்?"

"தல குனியாம இருக்கறதுக்குத்தான் கூப்பிடறேன். எனக்குக் கணக்குத் தெரியும். அந்த வகுப்புல உக்காந்தா எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். நீ வந்தாத்தான் இந்த வகுப்பு நடக்கும்."

வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்த கையோடு ஏழெட்டுப் பேரைச் சேர்த்தோம். காலையில் அவர்களுக்கு இல்லாதிருந்த பாடத்தை நான் நடத்தினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்களும் நடத்துகிற பாடம்தான். மத்தியானம் நடந்ததுதான் விசேஷம். மத்தியானத்தில் கோதமி விரிவுரையாளராக மாறுவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது கையால் எழுதி இடது கையால் அழித்து, ஆங்கிலத்தில் படபடவென்று பொழிவாள். அச்சு அசல் அவரேதான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் சட்டென்று திரும்பி, "யூ! லாஸ்ட் பெஞ்ச்! ஆன்சர்!" என்று அதட்டுவாள். சிரிப்பு அடங்கிவிடும்.

நாங்கள் ஒரே ஒரு விதி வைத்திருந்தோம். புரியாத இடத்தில் வாயைத் திறந்து "சார், ப்ளீஸ் ரிபீட்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கோதமி அழித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். முதல் சில நாட்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கணக்கைப் போட்டுவிடுவார்கள், அந்த மூன்று வார்த்தை வராது. ஒரு பெண் அழுதே விட்டாள். "அழுதுக்கினே கேளு, பரவால்ல. கேளு" என்று கோதமி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விடவில்லை. வெயில் ஏற ஏற அந்த அறையில் "ப்ளீஸ் ரிபீட்" சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது.

அவர்களில் ஒருவன்தான் மாணிக்கம். நெட்டையான பையன், அதிகம் பேசமாட்டான். எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போவான். ஆனால் இன்று நடத்தியது அவனுக்கு நாளைக்குத்தான் புரியும். நாளை நடத்துவது மறுநாள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க அவன் எப்போதும் ஒரு பாடம் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். கல்லூரியில் யாரும் நாளை வரை காத்திருக்க மாட்டார்கள். ஜூன் நெருங்கியபோது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது: மற்றவர்கள் தயார். மாணிக்கம் தயார் இல்லை.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் அம்மா எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை பார்ப்பவர். கைகள் சலவைச் சோடாவில் வெந்து வெளுத்திருந்தன. கடையில் ஆள் இருந்ததால் உள்ளறைக்கு அழைத்துப் போனேன்.

"மாணிக்கத்தோட அப்பாவுக்கு நெஞ்சுல கல்தூசி ஏறிப்போச்சி டீச்சரம்மா. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. அந்த வேலைய புள்ளைக்கித் தராங்க. இந்த மாசத்துக்குள்ள பேர் குடுக்கணும். குடுக்கலன்னா லைன் வூட்டையும் காலி பண்ணணும்."

"அவரு இன்னா சொல்றாரு?"

"பேர் குடுன்றாரு. நான் வேணான்றேன். அவரு மூச்சி வுடறத பக்கத்துல படுத்துக் கேக்கறவ நானு. அந்த மூச்சி என் புள்ளைக்கி வர வேணாம். நீங்க அவன காலேஜுல சேத்து வுட்டுடுங்க."

நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். மாணிக்கம் இன்னும் தயார் ஆகல. சேர்ந்தா மார்ச் பரீட்சையில விழுந்துடுவான்னுதான் எனக்குத் தோணுது. விழுந்தா வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும்."

நான் மேலும் சொன்னேன். விரிவுரையாளரிடம் கொடுத்த வாக்கைச் சொன்னேன். மாணிக்கத்தைத் தயார் என்று சொல்லி அவன் விழுந்தால், அடுத்த வருடம் வரப்போகிற பிள்ளைகளுக்கெல்லாம் கதவு அடைபடும் என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்:

"நீங்க இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? தயார் இல்லன்னு சொல்லியே சேத்து வுடுங்க. தயாரா இருக்கற புள்ளைக்கி நீங்க எதுக்கும்மா? அது தானாப் போய்ச் சேந்துக்காதா?"

எழுந்து போய்விட்டார். நான் அந்த உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் என்ன செய்வது என்று கேட்டேன். "நான் ஒண்ணு சொன்னா, நாளைக்கி தப்பாப் போச்சின்னா நான் சொன்னேன்னு இருப்பீங்க. சரியாப் போனாலும் நான் சொன்னேன்னு இருப்பீங்க. முடிவு உங்களுதாவே இருக்கட்டும்மா" என்றார். அன்று அது எனக்குக் கைவிட்ட மாதிரி இருந்தது. இப்போது அதைப் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் மாணிக்கத்தை நிறுத்தி வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எனக்கு லேட்டாத்தான் டீச்சர் புரியுது. அது எனக்கே தெரியும். ஆனா புரிஞ்சது போறது இல்ல."

உண்மைதானா என்று பார்க்க, ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நடத்திய பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கேட்டேன். போட்டான். வேறொன்று கேட்டேன். அதையும் போட்டான். வேகமாக ஓடிய மற்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பாடத்தை அதற்குள் மறந்திருந்தார்கள். அந்த நிமிடத்தில் நான் முடிவு செய்தேன்.

கல்லூரி சேர்க்கை நாளன்று பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்திவிட்டு நான் மட்டும் விரிவுரையாளர் அறைக்குள் போனேன். கோதமியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினார்.

"இன்னொருவன் இருக்கிறான்" என்றேன். "மாணிக்கம். அவன் தயாராக இல்லை. அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

பேனாவைக் கீழே வைத்தார். "தயாராக இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்?"

"ஆமாம். மார்ச்சில் விழுவான் என்று நினைக்கிறேன். செப்டம்பர் மறுதேர்வில் எழுந்துவிடுவான். சாயங்காலங்களில் நான் அவனோடு இருப்பேன்."

"நம் பேச்சு என்ன ஆயிற்று?"

"நம் பேச்சு நான் தயார் என்று சொன்னவர்களுக்கு. அவர்களில் ஒருவர் விழுந்தாலும் மறுபடி உங்கள் அறைக்கு நான் வரமாட்டேன். இவனைத் தயார் என்று நான் சொல்லவில்லையே."

"நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "அவனைக் கூப்பிடுங்கள்."

மாணிக்கம் உள்ளே வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. விரிவுரையாளர் ஆங்கிலத்தில், தம் வழக்கமான வேகத்தில், ஒரு கணக்கைச் சொன்னார். கண்ணாலோ தலையாலோ அவனுக்கு ஒரு சைகை காட்டியிருக்க முடியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார், ப்ளீஸ் ரிபீட்" என்றான் மாணிக்கம்.

அந்த மனிதரின் வகுப்பில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று பின்னால் தெரிந்தது. அவர் மறுபடியும் சொன்னார், சற்று மெதுவாக. மாணிக்கம் நீண்ட நேரம் யோசித்தான். பிறகு தன்னிடம் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிச் சொன்னான்:

"ஐ அண்டர்ஸ்டாண்ட் டுமாரோ, சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நாளைக்குப் புரிந்துவிடும் என்பதை வேறு எப்படிச் சொல்வது? அவர் பேனாவை எடுத்து மாணிக்கத்தின் பெயரை எழுதிக்கொண்டார்.

சுரங்க வேலைக்கு மாணிக்கத்தின் பெயரைக் கொடுக்காததால் அந்த வாரமே அவர்கள் லைன் வீட்டைக் காலி செய்தார்கள். ஆண்டர்சன்பேட்டையில் ஒற்றை அறை. அவன் அப்பா புதுவீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்; அவன் புத்தகத்தோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொழிலாளியாக வாழ்ந்த வீட்டை இழந்தவருடைய கோபம் அது. தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு நினைவு வரும். உங்கள் முடிவுகளுக்கும் இப்படி ஒரு வீட்டு வாசல் இருக்கும். அதைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போகாதீர்கள்.

கல்லூரியில் முதல் நாளே கோதமி முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் அழிக்கப் போன நேரத்தில் "சார், ப்ளீஸ் ரிபீட்" என்றாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். அவர் அழிப்பதை நிறுத்தினார். இரண்டாம் வாரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள் என்று கோதமி என்னிடம் வந்து சொன்னாள். "அவங்களுக்கும் புரியல டீச்சர்! இத்தினி நாளா சும்மா தலையாட்டிக்கினு இருந்திருக்காங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பரீட்சை முடிவு வந்தது. நான் தயார் என்று சொன்னவர்கள் எல்லோரும் தேறினார்கள், ஒருவன் மட்டும் மயிரிழையில். கோதமிக்கு நல்ல மதிப்பெண். மாணிக்கம் கணக்கில் விழுந்திருந்தான்.

எனக்கு முன்பே தெரிந்ததுதான். இருந்தாலும் அவன் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். அவன் அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"மார்ச்சுல விழுவான்னு சொன்னீங்க, விழுந்துட்டான். செப்டம்பர்ல எழுவான்னும் காலேஜு சார்கிட்ட சொன்னீங்களாமே? அதுவும் ஆவும். உக்காருங்க, காப்பி போடறேன்."

அந்தக் கோடையிலும் எங்கள் வகுப்பு நடந்தது. புது வருடத்துப் பிள்ளைகளோடு மாணிக்கமும் மறுதேர்வுக்காக வந்து உட்கார்ந்தான். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார அவன் வெட்கப்படவில்லை. செப்டம்பரில் தேறினான். அப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்று மாணிக்கம் சொன்னான். பிறகு டிப்ளமா முடித்துப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அம்மாவையும் அழைத்துப் போனான். கோதமி கணிதத்திலேயே பட்டம் வாங்கி, வெளியூரில் ஒரு கல்லூரியில் அதையே நடத்தப் போனாள்.

நான் சொல்ல வந்த கடைசி விஷயம் அந்த இரண்டாவது கோடையில், மாணிக்கம் விழுந்திருந்த சமயத்தில் நடந்தது. ஒரு நாள் காலை வகுப்பின் நடுவில் வாசலில் நிழல் தட்டியது. அந்த விரிவுரையாளர், சைக்கிளை வெளியே சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். கடைசி பெஞ்சில் மாணிக்கமும் எழுந்தான். அவர் அவனைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பேச்சு முறிந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து என்னை நானே திடப்படுத்திக்கொண்டேன்.

அவர் ஆங்கிலத்தில் பேசவில்லை. எங்கே கற்றுக்கொண்டாரோ, கன்னடம் கலந்த தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

"இந்த வருஷம் ரெடி யாரு யாரு, டீச்சர்?"

பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

"ரெடி இல்லாதவங்க யாரும் இல்லவா?"

"இருக்காங்க சார். ரெண்டு பேர்."

"அவங்களும் வரட்டும்."

சைக்கிளை எடுக்கப் போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"ஃபர்ஸ்ட் பெஞ்சு அவங்களுக்கு" என்றார்.